அரைக்கண் ஆந்தை

மேஜர் குவாக் கடைக்குள் வந்தபோது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பைக்குள் மடித்து வைத்த ஒரு கறுப்பு ஹூடி. கொலை நடந்த இடத்திலிருந்து கத்தியை எடுத்து வருகிறவர் மாதிரி பையின் ஓரத்தை இரண்டே விரலால் பிடித்திருந்தார்.

"இது உங்க கடைச் சரக்கா?"

ஹேரான் எம்ப்ராய்டரி மெஷினை நிறுத்தவில்லை.

"ஆமா. முப்பத்தொன்பதாயிரம் வோன். அந்த சைஸ் தீர்ந்துபோச்சு, மீடியம் இருக்கு. வேணுமா?"

"நான் வாங்க வரல."

"தெரியுது. வாங்க வர்றவங்க மூஞ்சியை இப்படி வச்சுக்க மாட்டாங்க."

"ஏய்!" என்று உள்ளிருந்து ஓடி வந்தாள் அம்மா ஒக்புன். கையில் நூல் வெட்டுகிற கத்தரி, தோளில் அறுந்த நூல்கள். வந்த வேகத்திலேயே இடுப்பை மடித்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிருங்க மேஜர் சார். இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். உக்காருங்க, காப்பி கலக்குறேன்."

மேஜர் உட்காரவில்லை. பையிலிருந்து ஹூடியை எடுத்து மேஜைமேல் விரித்தார். முதுகில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஆந்தை. இறக்கையை விரித்து, கால் நகத்தில் மின்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இது ஆந்தை டிவிஷனோட சின்னம். பதினோராயிரம் பேர் தோள்ல சுமக்குற சின்னம். இதைக் கடைத்தெருச் சட்டையில போட்டு விக்கச் சொல்லி உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"சுமக்குறவங்கதான் குடுத்தாங்க. வரிசையில நின்னு வாங்கிட்டுப் போறாங்க" என்றாள் ஹேரான்.

"சிவிலியன் போடுறதுக்கு இல்ல இது."

"அவங்க காதலிங்கதான் போடுறாங்க. வேற யாரும் இல்ல."

மேஜர் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் இந்த டிவிஷனுக்கு மாற்றலாகி வந்தவர். ஆளும் சட்டையும் சேர்த்து இஸ்திரி போட்டது மாதிரி இருப்பார்.

"முதலாளியம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. சனிக்கிழமை டிவிஷன் பிறந்தநாள். குடும்பங்க எல்லாம் வரும். அன்னிக்கு மைதானத்துல இந்த ஹூடி ஒண்ணுகூட என் கண்ல படக் கூடாது. வியாழக்கிழமை உறுதிமொழிப் பத்திரத்தோட வருவேன். கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது. போடலைன்னா, டிவிஷனுக்கு மார்க் தைக்கிற உங்க அனுமதி ரத்து."

அந்தப் பத்திரத்தின் நகலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

சோல்கோல் என்ற அந்தச் சின்ன ஊரில் சிப்பாய்களை எடுத்துவிட்டால் மிச்சம் மலையும் முட்டைக்கோஸும்தான். கோழி வறுக்கிற கடை, கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை, பஸ் நிலையத்து டீக்கடை பெஞ்சு வரைக்கும் எல்லாமே அவர்கள் வெளியே வருகிற நாளை நம்பித்தான் பிழைக்கின்றன. அதில், சீருடைச் சின்னங்களைத் தைத்துக் கொடுக்கிற ஒக்புனின் மார்க் கடையும் ஒன்று. புதிதாக வந்தவனுக்குப் பெயர்ப் பட்டை, தோளுக்கு ஆந்தை, பதவி ஏறினால் கோடு. பதினெட்டு மாதக் கட்டாயப் படைச் சேவையை முடித்து வீட்டுக்குப் போகிறவனுக்கு ரிசர்வ் சின்னம். அதற்கு இந்த நாட்டில் எல்லோரும் வைத்திருக்கிற பெயர் தவளை. தவளை தைத்துக்கொள்ள வருகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளைகூட அப்படிச் சிரிக்க மாட்டான். எல்லாருக்கும் ஒக்புன் "சித்தி." இருபத்திரண்டு வருடமாகச் சித்தி.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ஹேரான்தான். துணி வடிவமைப்புப் படித்தாள். சியோலில் ஒரு உடுப்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. தெருவெல்லாம் அக்கம்பக்கத்தார் வாழ்த்து. அங்கே போய்ப் பார்த்தால் வேலை என்ன? ஏதேதோ ஊர்ப் படைகளின் சின்னங்களை இணையத்தில் தோண்டியெடுத்து, கழுகுக்கு ஒரு இறகைக் கூட்டி, மண்டை ஓட்டுக்கு ஒரு பல்லைக் குறைத்து, ஜாக்கெட்டில் போட்டு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் வோனுக்கு விற்பது. "இந்தக் கழுகு யாரோ ஒருத்தரோடது, சார். இதைப் போட்டுக்கிட்டு யாராவது செத்துக்கூடப் போயிருக்கலாம்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னாள். படைப்பக்கமே தலைவைத்துப் படுக்காத முதலாளி மகன் சிரித்தான். "கிராமத்துலேருந்து வந்தவங்களுக்கு எல்லாத்தையும் சீரியஸா எடுத்துக்கிற வியாதி" என்றான். பதினோரு மாதச் சம்பளத்தோடு அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறியவள்தான். அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஹூடி அவளாக ஆரம்பித்தது இல்லை. சிப்பாய் சொக்கின் காதலி சுல்பி ஒருநாள் அவனைப் பார்க்க வந்தவள், நேரம் இருக்கிறது என்று கடைக்குள் நுழைந்தாள். படைக்குப் போன காதலனுக்காகக் காத்திருக்கிற பெண்ணுக்கு அங்கே "ரப்பர் செருப்பு" என்று பெயர். பாதியில் இன்னொருத்தனைப் பார்த்துக்கொண்டால் "செருப்பைத் திருப்பிப் போட்டுக்கிட்டா" என்பார்கள்.

"அக்கா, அவன் தோள்ல இருக்குற ஆந்தையை என் ஹூடி முதுகுல பெருசாத் தைச்சுக் குடுங்க. நான் செருப்பைத் திருப்பிப் போடலன்னு ஊருக்கே தெரியட்டும்" என்றாள் சுல்பி.

ஹேரான் தைத்தாள். சுல்பி படம் எடுத்துப் போட்டாள். ஒரே வாரத்தில் நாற்பது ரப்பர் செருப்புகள் கேட்டார்கள். பிறகு அம்மாக்கள். பிறகு, எந்தக் காலத்திலோ அதே டிவிஷனில் இருந்த அப்பாக்கள். இப்போது முன்னூற்றுப் பன்னிரண்டு ஹூடிகள் பின்னறையில் அட்டைப் பெட்டிகளில் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தன.

மேஜர் போன பத்தாவது நிமிடம் ஒக்புன் முதல் பெட்டியைப் பிரித்து, ஒரு ஹூடியை மடியில் போட்டுக்கொண்டு, ஆந்தையின் இறக்கையில் கத்தரி முனையை நுழைத்தாள்.

"என்ன பண்றே?"

"பிரிக்கிறேன்."

"அம்மா! முன்னூத்திப் பன்னெண்டு!"

"இன்னிக்கு ஆரம்பிச்சா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும். நீயும் ஒரு கத்தரி எடு."

"நான் எடுக்க மாட்டேன். அந்தாளு வந்து நாலு வார்த்தை சொன்னா உடனே மடங்கிருவியா? நீ கும்பிட்ட கும்பிடுக்கு உன் இடுப்பே ரெண்டா ஒடிஞ்சிருக்கும்."

"ஒடியட்டும். இந்த இடுப்பு மடங்கி மடங்கித்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்புச்சு."

இதற்குப் பதில் கிடையாது என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் எல்லாச் சண்டையிலும் கடைசியாக இதை எடுத்து வீசுவாள்.

ஹேரான் கோபத்தோடு மேஜர் வைத்துவிட்டுப் போன காகிதத்தை எடுத்தாள். தலைமுறை தலைமுறையாகப் படித்த வீட்டுக்காரர்கள் முத்திரையைப் பார்த்தவுடன் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். முதல் தலைமுறைக்காரி ஒரு வரி விடாமல் வாசிப்பாள், எந்த வரியில் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே. வாசித்தாள். 'இணைப்பில் படம் 1-ல் காட்டப்பட்டுள்ள சின்னத்தை' என்று ஏழு இடத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் படம் 1. டிவிஷன் தலைமையகத்தின் அசல் வரைபடம். இறக்கை, மின்னல், நகம். எல்லாம் சரி. ஆனால் ஏதோ உறுத்தியது. ஆந்தை அவளையே முறைத்துப் பார்ப்பது மாதிரி இருந்தது.

அம்மாவின் மடியில் கிடந்த ஆந்தை முறைக்கவில்லை. அதன் இடது கண் வட்டமாகத் திறந்திருந்தது. வலது கண்ணுக்குமேல் இமை பாதி இறங்கியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்த குமாஸ்தா மாதிரி.

"அம்மா. நம்ம ஆந்தைக்கு ஏன் ஒரு கண்ணு தூங்குது?"

கத்தரி நின்றது.

"எது?"

"நடிக்காதே. படத்துல ரெண்டு கண்ணும் முழுசாத் திறந்திருக்கு."

ஒக்புன் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள், பதினோராயிரம் பேரும் சுவரில் காதை வைத்துக் கேட்கிற மாதிரி.

"வெள்ளம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா? நீ ரெண்டாவது படிச்சே. பாலம் போயிருச்சு, நாலு நாள் ரோடே இல்ல. பெரிய ஜெனரல் பார்வையிட வர்றாரு, அறுநூறு மார்க் குடுக்கணும். மஞ்சள் நூல் தீந்துபோச்சு. ரெண்டு கண்ணுக்குப் பத்தாது. ஒண்ணரைக் கண்ணுக்குத்தான் வரும். அதான் அரைக்கண்ணைப் பழுப்பு நூல்ல மூடி விட்டுட்டேன்."

"யாரும் பாக்கலியா?"

"ஆபீசருங்க எங்கே கண்ணைப் பாக்குறாங்க? மார்க் நேரா இருக்கா, கோணலா இருக்கான்னுதான் பாத்தாங்க."

"சரி. அப்புறம்தான் மஞ்சள் நூல் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. ரெண்டு கண்ணையும் திறந்துதான் தைச்சேன். பசங்க வாங்க மாட்டேன்னுட்டானுங்க. 'சித்தி, அந்தத் தூங்குமூஞ்சி ஆந்தைதான் வேணும், காவல் நிக்கிறப்ப நாங்களும் அப்படித்தான் இருக்கோம்'னு ஒரே ரகளை. அப்புறம் கம்ப்யூட்டர் மெஷின் வாங்கினப்ப, மாதிரிக்கு அதையே குடுத்துட்டேன்." பெருமூச்சு விட்டாள். "பத்தொம்பது வருஷம் ஆச்சு."

இப்போது போர்ச் சட்டைக்கு மஞ்சளெல்லாம் போய்ப் பச்சையும் கறுப்பும்தான். நிறம் போனாலும் இமை போகவில்லை. ஹேரானுக்கு இருபத்தாறு வயது. அவள் பார்த்து வளர்ந்த ஆந்தையே அதுதான். ஆந்தை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, நாம தப்பிச்சோம்! நம்ம ஹூடியில இருக்குறது அவங்க சின்னமே இல்ல!"

"கூறுகெட்டவளே, நாம செத்தோம்! ஹூடியில இருக்குறது சின்னம் இல்லைன்னா, பதினோராயிரம் பேர் தோள்ல இருக்குறதும் சின்னம் இல்ல. தப்பா தைச்சது யாரு? நான். அனுமதிய ரத்து பண்றது மட்டுமா, பலகையையே கழட்டித் தூக்கிட்டுப் போயிருவான்."

இரண்டு பேரும் அந்த ஆந்தையையே பார்த்தார்கள். அது அரைக்கண்ணால் அவர்களைப் பார்த்தது.

"கண்ணைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள் ஒக்புன்.

"அம்மா..."

"பண்ணுடீ."

ஹேரான் பற்களைக் கடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினாள். ஆனால் கத்தரி எடுக்கவில்லை. அம்மாவிடமிருந்து கத்தரியைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். "வியாழக்கிழமை வரைக்கும் ஒரு நூலையும் தொடாதே. அதுக்கு நீ சத்தியம் பண்ணு."

வியாழக்கிழமை மேஜர் குவாக், தக் என்ற சுபேதாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தக் அந்த டிவிஷனில் இருபத்தாறு வருடமாக இருக்கிறவர். ஜெனரல்கள் வருவார்கள் போவார்கள். தக் இருப்பார். கடைக்குள் வந்ததும் ஒக்புன் கலக்கிய காப்பியை வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் போய் நின்று, முட்டைக்கோஸ் வயலை ரசிக்க ஆரம்பித்தார்.

மேஜர் பத்திரத்தை நீட்டினார். "கையெழுத்து."

ஹேரான் பேனாவை எடுத்தாள். சத்தமாக வாசித்தாள். "'படம் 1-ல் காட்டப்பட்டுள்ள சின்னத்தை எந்தச் சிவிலியன் உடையிலும் தைக்கவோ விற்கவோ மாட்டேன்.' சரி. தாராளமா."

போட்டாள். பெயரை முழுசாக எழுதி, தேதியும் போட்டு, முத்திரையும் குத்தினாள். ஒக்புன் மூச்சை விட்டாள். மேஜரும்கூட. சண்டைக்குத் தயாராக வந்தவருக்குச் சண்டை கிடைக்காத ஏமாற்றம் லேசாகத் தெரிந்தது.

"நல்லது. ஹூடியெல்லாம் எங்கே?"

"பின்னறையில. சனிக்கிழமை வாசல்ல மேஜை போட்டு விக்கப் போறோம்."

"இப்பத்தானே கையெழுத்துப் போட்டீங்க!"

"படம் ஒண்ணைத் தைக்க மாட்டேன்னு போட்டேன். தைக்க மாட்டேன். இதுவரைக்கும் தைச்சதும் இல்ல."

"என்ன விளையாட்டு இது?"

"சார், படத்தைப் பாருங்க. ஹூடியைப் பாருங்க. நான் வேற எதுவும் சொல்ல மாட்டேன். எங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

மேஜர் பார்த்தார். படத்தை, ஹூடியை, மறுபடி படத்தை. ஜன்னலோரம் தக் காப்பி உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேஜரின் காதுமடல் முதலில் சிவந்தது. பிறகு கன்னம்.

"தூங்குது! ஆந்தை தூங்குது! டிவிஷன் சின்னத்தைக் கேலி பண்ணியிருக்கீங்க! பொண்ணே, இது முன்னைவிடப் பெரிய குத்தம். காவல் காக்குற பறவையைத் தூங்க வச்சு, அதைக் காசுக்கு வேற..."

"மேஜர் சார்" என்றார் தக், வயலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருங்க சுபேதார். அவமானம்! இதைப் பாக்குறவன் நம்ம டிவிஷனைப் பத்தி என்ன நினைப்பான்?"

"மேஜர் சார். உங்க தோள்."

மேஜர் நிறுத்தினார். கழுத்தைத் திருப்பித் தன் தோளைப் பார்க்க முயன்றார். தெரியவில்லை. மார்க்கைப் பிய்த்து எடுத்தார். வெல்க்ரோ சர்ரென்று கத்தியது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

ஆந்தை அவரைப் பார்த்து அரைக்கண் மூடியிருந்தது.

பிறகு மேஜர் மிக மெதுவாகக் கேட்டார். "இது எத்தனை நாளா என் தோள்ல இருக்கு?"

"நீங்க வந்த நாள்லேருந்து சார்."

"உங்களுது?"

தக் தோளைத் திருப்பிக் காட்டினார். அவருடையது பழசு, நிறம் வெளுத்திருந்தது. தூக்கம் மட்டும் வெளுக்கவில்லை.

"ஜெனரலோடது?"

"அவருதும்தான். தலைமையகக் கூடத்துல மாட்டியிருக்குற படத்துல அவருக்கு முன்னாடி இருந்த எட்டுப் பேரோடதும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"சிப்பாய் அத்தனை பேருக்கும் தெரியும் சார். ஆபீசருங்களுக்குத்தான் யாரும் சொல்றதில்ல. நீங்களும் கேக்கல."

மேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஹேரான் வாயைத் திறந்தாள். அதற்குள் ஒக்புன் முன்னால் வந்துவிட்டாள். கும்பிடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆபீசருக்கு முன்னால் நேராக நின்றாள்.

"தப்பு என்னோடது மேஜர் சார். வெள்ளத்து வருஷம் நூல் தீந்துபோச்சு, நான்தான் கண்ணை மூடினேன். இவளுக்கு இதுல சம்பந்தமே இல்ல. அனுமதிய ரத்து பண்றதுன்னா பண்ணுங்க. ஆனா பொண்ணு தைச்ச ஹூடியில குத்தம் சொல்லாதீங்க. அதுல ஒரு தையல் பிசகு கிடையாது."

ஹேரான் அம்மாவை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தாள். கண்ணில் ஏதோ விழுந்தது. பஞ்சுத்தூசியாக இருக்கும், அந்தக் கடையில் அதற்குப் பஞ்சமா?

"ரத்து பண்ணலாம் சார்" என்றார் தக் பணிவாக. "காரணம்னு ஒரு வரி எழுதணும். பத்தொம்பது வருஷமா டிவிஷனே தப்பான சின்னம் போட்டிருக்குன்னு எழுதணும். மேலிடத்துல கேப்பாங்க, உடை சோதனையில யாரும் பாக்கலியான்னு. போன மார்ச் மாசச் சோதனை அறிக்கையில 'சின்னங்கள் அனைத்தும் சரி'ன்னு இருக்கு."

"அதுல யாரு கையெழுத்து?"

தக் காப்பிக் குவளையைப் பார்த்தார். "அழகான கையெழுத்து சார்."

மேஜர் தலையில் கைவைத்தார். ஹேரானுக்கு அப்போது அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஆனாலும் விடவில்லை.

"மேஜர் சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? சத்தியம்தான் இப்ப முடிஞ்சுபோச்சே. சின்னம் டிவிஷனோடதுன்னு சொன்னீங்க. ஒத்துக்குறேன். சியோல்ல எங்க கம்பெனிக்காரன் ஊரான் சின்னத்தையெல்லாம் திருடி வித்தப்ப அவன் மூஞ்சிக்கு நேரா நான் சொன்னதும் அதேதான். உங்க சின்னம் உங்களுக்கே இருக்கட்டும். ரெண்டு கண்ணும் திறந்தது. ஆனா இந்தத் தூங்குமூஞ்சி உங்களோடது இல்ல. எங்கம்மா தைச்சது, உங்க பசங்க கேட்டு வாங்கினது. குளிர்ல நின்னு கண்ணு சொருகினவங்களோடது. அதை அவங்க காதலிங்க போட்டுக்கட்டும்."

மேஜர் கையிலிருந்த மார்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இஸ்திரி திரும்பி வந்தது.

"சுபேதார், எழுதிக்குங்க. கடையைச் சோதனை பண்ணியாச்சு. படம் 1-ல் உள்ள சின்னம் எந்தச் சிவிலியன் உடையிலும் இல்ல. புகார் முடிஞ்சுது." ஒக்புன் பக்கம் திரும்பினார். "இனிமே சீருடைக்குத் தைக்கிறதுல ரெண்டு கண்ணும் திறந்திருக்கணும். பழசு கிழியக் கிழிய மாத்திக்கலாம். முதல்ல தலைமையக ஆபீசருங்களுக்கு, நாப்பது மார்க். சனிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"நாளைக்கே தர்றேன். மஞ்சள் நூலுக்கு இப்ப குறைவில்ல" என்றாள் ஒக்புன்.

"போர்ச் சட்டைக்கு மஞ்சள் வேண்டாம்."

"தெரியும் சார். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை காலையில் ஹேரான் கணினியில் இமையை அழித்து, கண்ணை வட்டமாக்கினாள். மெஷின் முதல் மார்க்கைத் தைத்துத் தள்ளியது. ஒக்புன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பாவம். பயந்துபோய் நிக்குது."

"உன்னை மாதிரி. இத்தனை வருஷமா."

"அடி வாங்குவே."

சாயங்காலத்துக்குள் நாற்பதும் போய்ச் சேர்ந்தன. ஜெனரலின் சட்டையிலிருந்து பழையதைப் பிய்த்துப் புதியதை ஒட்டியது தக் தானாம். ஜெனரலுக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

சனிக்கிழமை மைதானத்து வாசலில் கூட்டம். டப்பாவில் கிம்பாப் சோற்றுச் சுருள் கட்டிக்கொண்டு வந்த அம்மாக்கள், வறுத்த கோழியைத் தோளில் சுமந்துகொண்டு வந்த தாத்தாக்கள். ஹேரான் போட்ட மேஜைமுன் ரப்பர் செருப்புகளின் வரிசை சாலை வரைக்கும் போனது. சுல்பி முதல் ஆளாகத் தன் ஹூடியோடு வந்து சும்மாவே விளம்பரம் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய சொக்குக்கு இன்னும் ஒன்பது நாள்தான். தவளைக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டான்.

"சித்தி, என் தவளைக்கும் ஒரு கண்ணை லேசா மூடி விடுங்களேன்" என்றான்.

"போடா. ஒரு தடவை மூடினதுக்கே உயிர் போய் உயிர் வந்துச்சு."

அப்போதுதான் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வரிசையைப் பிளந்துகொண்டு வந்தார். யாரோ ஒரு சிப்பாயின் அப்பா. வயிறு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். ஒரு ஹூடியை விரித்துப் பார்த்துவிட்டு மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"என்னம்மா இது, ஆந்தை தூங்குது? நானும் இதே டிவிஷன்தான். எங்க காலத்துல ரெண்டு கண்ணும் திறந்திருக்கும்!"

ஹேரான் எட்டி அந்த ஹூடியை மடிக்கப் போனாள். ஏனென்றால் அவருக்குப் பின்னால் ஆறடி தூரத்தில், குடும்பங்களோடு கைகுலுக்கிக்கொண்டே ஜெனரல் வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு அடி பின்னால் மேஜர் குவாக். மேஜரின் முகம் முள்ளங்கி நிறத்துக்குப் போனது. ஜெனரல் நின்றார். ஹூடியைப் பார்த்தார்.

"ஆமா. ஏன் தூங்குது?" என்றார்.

மேஜர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தக் வழக்கம்போல மலையைப் பார்த்தார். ஹேரான் படித்த படிப்பு, ஏழு இடத்தில் அடிக்கோடிட்ட பத்திரம், எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

ஒக்புன் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தாள்.

"சார், நீங்க எத்தனை மாசம் இருந்தீங்க?" என்று அந்த அப்பாவைக் கேட்டாள்.

"இருபத்தாறு!" அவர் நெஞ்சு வயிற்றைத் தாண்டி நிமிர்ந்தது. "இப்ப உள்ள பசங்க மாதிரி பதினெட்டு இல்ல. பனியில நாங்க நின்ன நிலை இருக்கே, கண்ணு மூடினதே இல்ல!"

"அதான் சார். நீங்க எல்லாரும் தூங்காம விட்டதையெல்லாம் சேர்த்து அது இப்பத் தூங்கித் தீர்க்குது. அதுவும் சீருடையில இல்ல. லீவுல, சிவிலியன் சட்டையிலதான். லீவுலகூடத் தூங்கக் கூடாதா?"

ஜெனரல் சிரித்தார். வயிறு குலுங்கி, தொப்பி ஆடச் சிரித்தார். அவர் சிரித்ததும் பதினோராயிரம் பேருக்கும் சிரிக்க அனுமதி கிடைத்தது. அந்த அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்றார் ஜெனரல். போகிறபோது மேஜரிடம் திரும்பினார். "குவாக், நல்ல யோசனை. சீருடைக்கு ஒண்ணு, வெளிச் சட்டைக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்கீங்க. யாரோட ஏற்பாடு?"

மேஜர் ஹேரானைப் பார்த்தார். ஹேரான் மேஜரை முறைத்தாள்.

"இந்தக் கடையோட ஏற்பாடு, சார்" என்றார் மேஜர். அதற்காக அவரை மன்னிக்கலாம் என்று ஹேரான் முடிவு செய்தாள். முழுசாக இல்லை. முக்கால்வாசி.

"எனக்கு டபுள் எக்ஸ் எல் ஒண்ணு குடும்மா" என்றார் அந்த அப்பா. "இறுக்கமா இருந்தா ஆந்தை முழிச்சுக்கும்."

ஒக்புன் ட்ரிபிள் எக்ஸ் எல் ஒன்றை எடுத்து மடித்துக் கொடுத்தாள்.